மொட்டைமாடியின் டூவீலர்

ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் போகிற அந்தச் சாலையில், தலைமுடி காற்றில் பறக்கக் கார் ஓட்டிய ஒரே மனிதர் மொட்டைமாடிதான். அவர் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது என்பது வேறு விஷயம். அதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்.

"முடி இருந்தாதான் பறக்கணும்னு சட்டம் இன்னா கீது தம்பி?"

சட்டம் என்று யார் எதைக் காட்டினாலும் அவருக்கு முதலில் வாயில் வருவது இந்தக் கேள்விதான். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு தொழிற்சாலையையே அவர் ஆட்டிப்படைத்த கதையை எழுதாமல் செத்தால் என் ஆவி ஒரகடம் ஜங்ஷனில் ஷேர் ஆட்டோவுக்கு அலையும்.

நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். வேலை தேடி வடக்கே வந்து, கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் உட்கார்ந்தேன். யார் எப்போது உள்ளே வந்தார், யாருக்கு எவ்வளவு ஓ.டி., யாருக்கு மெமோ என்று டைப் அடிப்பது என் பிழைப்பு. நான் அடித்த மெமோக்களில் பாதி மொட்டைமாடிக்குத்தான் போகும். அவர் வெல்டிங் ஷாப்பில் பெர்மனென்ட் ஆபரேட்டர். அந்தப் பக்கத்தில் பெர்மனென்ட் என்றால் லேசுப்பட்ட விஷயமில்லை. ஷிப்டு பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காண்ட்ராக்ட். மீதிப் பேரைத்தான் பெண் வீட்டார் விசாரிப்பார்கள்.

அவர் வெல்டு அடித்தது ஒரு இரும்புக் கை. காரின் உடம்பையும் சக்கரத்தையும் கீழே சேர்த்துப் பிடிக்கிற சாமான். லைனில் அதற்கு ஆர்ம் என்று பெயர். பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றினால் நம் வேலை முடிந்தது, அது எந்தக் காருக்குப் போனால் நமக்கென்ன என்று எல்லோரும் இருந்தோம். அவரால் அப்படி இருக்க முடியவில்லை. சூப்பர்வைசரைக் கேட்டார், ஸ்டோர்ஸில் கேட்டார், என்னிடம்கூடக் கேட்டார்.

"பொண்ண கட்டிக் குடுத்துட்டு மாப்ள யாருன்னு கேக்கக் கூடாதா?"

கடைசியில் ஆடிட்டுக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவரை வெல்டிங் ஷாப் வாசலில் மடக்கி, கையால் ஜாடை காட்டிக் கேட்டுவிட்டார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே செல்போனை எடுத்து மாப்பிள்ளையின் போட்டோவைக் காட்டினார். சிவப்பு நிறத்தில், தரையோடு தரையாக, இரண்டே சீட்டு வைத்த ஸ்போர்ட்ஸ் கார். கூரை இல்லை. ரோட்ஸ்டர் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் நம் ஆள் கேன்டீன் பக்கமே வரவில்லை. தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

இந்தச் சமயத்தில்தான் ஒரு வழக்கு முடிவுக்கு வந்தது. எங்கள் கம்பெனி நின்ற இடத்தில் கொஞ்சம் அவருடைய அப்பாவின் வேர்க்கடலை நிலம். அதைக் கம்பெனிக்காக எடுத்தபோது கொடுத்த பணம் போதாது என்று ஊர்க்காரர்கள் போட்ட வழக்கு இழுத்து இழுத்து ஒருவழியாக ஜெயித்தது. பணம் வருவதற்கு முன்பே அவர் மனைவி கோமளா அக்கா அதைச் செலவழித்து முடித்திருந்தார். வல்லக்கோட்டைக்குப் பக்கத்திலிருந்த அவர்கள் வீட்டுக்கு மேலே ஒரு மாடி, அதில் என்னைப் போன்ற வெளியூர்ப் பையன்களுக்கு வாடகை ரூம், அதற்கு மேலே வடகம் காயவைக்க ஒரு மொட்டைமாடி என்பது அக்காவின் திட்டம். செங்கல் லோடுக்குக்கூடச் சொல்லிவைத்தாயிற்று. சொன்ன நாளில் லாரி வந்தது. லாரியில் செங்கல் இல்லை, கார் இருந்தது.

தெருவே கூடிவிட்டது. அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தார்.

"வூட்டுக்கு மொட்டமாடி கேட்டேன். இந்தாளு காருக்கு மொட்டமாடி வெச்சிக்கினு வந்து நிக்குது!"

அந்த நொடியிலிருந்து அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் செத்தது.

போட்டோவில் இருந்த அதே ரோட்ஸ்டர் ரகம். சென்னை வெள்ளத்தில் ஏதோ ஒரு பணக்கார அடுக்குமாடியின் அடித்தளத்தில் முழுகிப்போய், இன்ஷூரன்ஸ்காரர்கள் கைகழுவி ஏலத்தில் விட்ட வண்டி. முன்னால் இருந்த பெட்டியைத் திறந்தால் நத்தை. சீட்டுக்கு அடியில் கருவாடாகிப் போன ஒரு கெண்டைக் குஞ்சு. மடக்கி வைக்கிற கான்வாஸ் கூரை ஒன்று இருந்தது, பூஞ்சை பிடித்து நாறியது. அவர் அதைக் கழற்றி எறிய, அக்கா எடுத்துத் துவைத்துக் கோழிக்கூண்டுக்குப் போர்த்திவிட்டார். தமிழ்நாட்டிலேயே இறக்குமதிக் கூரை போட்ட ஒரே கோழிக்கூண்டு அதுவாகத்தான் இருக்கும். மழை வந்தால் கோழிகள் நனையாது, மொட்டைமாடி நனைவார்.

லாரியிலிருந்து வண்டியை இறக்கியதும் அவர் இன்ஜினைப் பார்க்கவில்லை. நேராக அடியில் ஊர்ந்து போனார். பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கீது தம்பி, கீது! நம்ம ஆர்ம்! பாரின் போயிட்டு ரிடர்ன் வந்துக்கிறான் பாரு!"

"அது நம்ம கம்பெனி வெல்டுதான்னு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"பெத்தவனுக்குத் தெரியாதா?"

நானும் படுத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சேறும் துருவும்தான். ஆனால் புழுதியில் கிடந்து கண் கலங்கிய மனிதரிடம் யார் வாதாடுவது?

படப்பை மெக்கானிக் ஒருவரோடு சேர்ந்து, ஒயரை எல்லாம் பிடுங்கி மாற்றி, ஊரே கைவிட்ட வண்டிக்கு உயிர் கொடுத்தார். அது வரைக்கும் கேன்டீனில் எங்களுக்கு ரோட்ஸ்டர் பாடம் நடந்தது. பாடத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட கருவி எங்கள் டிபன் பாக்ஸ்கள்.

"மூடி போட்ட டப்பாவ புடிச்சி முறுக்கு. முறுக்க வராது. மூடிய எடுத்துட்டு முறுக்கு. கோணிக்கும். இந்தக் காருக்கு மூடி இல்ல. அப்பவும் வளைவுல கோணக் கூடாது, நடுங்கக் கூடாது. அதனால அவன் இன்னா பண்ணான்? கூரையோட பலத்த எல்லாம் எறக்கித் தரையில வெச்சான். நடுவுல முதுகெலும்பு மாரி ஓடுது. அது மேலதான் நாம குந்திக்கினு கீறோம்."

பாடம் புரிந்தது. என் டிபன் பாக்ஸுக்குத்தான் அதற்குப் பிறகு மூடி சேரவில்லை.

முதல் ஓட்டம் வல்லக்கோட்டை முருகனுக்கு. பூஜை போட வந்த குருக்கள் எலுமிச்சம்பழத்தோடு குனிந்து, முட்டி போட்டு, பிறகு கிட்டத்தட்டப் படுத்துதான் சக்கரத்துக்கு அடியில் வைக்க முடிந்தது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏன்ப்பா, மொட்டை போடறதா வேண்டுதல்னு சொன்னியே?"

"போட்டாச்சு சாமி," என்றார் நம் ஆள். "எனக்குத்தான் முடி இல்ல. வண்டிக்குப் போட்டுக்கினு வந்துக்கிறேன்."

கோயிலிலிருந்து திரும்பும்போது என்னைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டார். அதுவரை நான் அந்தச் சாலையில் கம்பெனி பஸ்ஸில், திரைச்சீலை மூடிய ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே போனவன். இதில் உட்கார்ந்தால் கையை நீட்டித் தரையைத் தொடலாம் போலிருந்தது. சின்னஞ்சிறு கியர் தண்டு, மணிக்கட்டு அசைந்தால் கியர் விழுந்தது. முதல் வளைவில் வண்டி சாயவே இல்லை, நிமிர்ந்தபடி திரும்பியது. பக்கத்து வரப்பில் யாரோ கடலைச் செடி பிடுங்கிப் போட்டிருந்த மண்வாசனை முகத்தில் அடித்தது. அண்ணாந்தேன். ஒரகடத்துக்கு மேலே இத்தனை பெரிய ஆகாயம் இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. சந்தோஷத்தில் கத்திவிட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் கத்திச் சிரித்தது அன்றுதான்.

"இன்ஜின முன்சக்கரத்துக்குப் பின்னால தள்ளி வெச்சிக்கிறான். முன்னயும் பின்னயும் பாரம் சரிபாதி. பின்சக்கரம்தான் தள்ளுது, அதுக்கு ஒட்டினாப்ல நாம. வண்டி இன்னா நெனைக்குதுன்னு முதுகுல தெரியும். மத்த கார கையால ஓட்டணும். இத்த முதுகால ஓட்டணும்," என்று காற்றை மீறிக் கத்தினார்.

"மழை வந்தா என்ன அண்ணாச்சி செய்விய?"

"ஓடிக்கினே இருந்தா நனைய மாட்ட. கண்ணாடில பட்டு காத்து மேல தூக்குது இல்ல, அதோட மழையும் தலைக்கு மேலயே போயிடும்."

அதில் உண்மை இருந்தது. வாலாஜாபாத் சாலையில் ஒருநாள் நல்ல மழையில் நாங்கள் காய்ந்த தலையோடு போனோம். ஒரகடம் சிக்னல் வந்தது. சிவப்பு. மற்ற கார்கள் எல்லாம் ஜன்னலை ஏற்றிக்கொண்டு எங்களை வேடிக்கை பார்க்க, நாங்கள் இரண்டு வாளிகள் போல நிரம்பினோம். பக்கத்து ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு அம்மா இரக்கப்பட்டு பிளாஸ்டிக் கவர் ஒன்றை நீட்டினார். "வேணாம்மா, எங்களுக்கு ஒண்ணும் ஆவல," என்று விறைப்பாக உட்கார்ந்திருந்தார் மொட்டைமாடி. மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வேகத்தடைதான் எங்கள் பெரிய எதிரி. வண்டியின் வயிறு அத்தனை தாழ்வு. பக்கத்து சீட்டுக்காரன் இறங்கினால் கொஞ்சம் உயரும் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஆகவே ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் கதவைத் திறந்து இறங்குவேன், அவர் கோணலாக ஏற்றி இறக்குவார், நான் ஓடிப்போய் ஏறிக்கொள்வேன். உலகின் வேகமான கார்களில் ஒன்றில் நான் போன தூரத்தில் கணிசமான பகுதி நடந்து போனது.

இதெல்லாம் விளையாட்டு. வினை கம்பெனி கேட்டில் காத்திருந்தது.

எங்கள் கம்பெனியில் கார் நிறுத்துமிடம் அலுவலர்களுக்கு மட்டும். ஆபரேட்டர் என்றால் கம்பெனி பஸ், இல்லாவிட்டால் டூவீலர் ஷெட். ஆபரேட்டரிடம் கார் இருக்கும் என்று விதி எழுதியவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. கேட்டில் காவலுக்கு இருந்த சுபேதார், ராணுவத்தில் ஓய்வு பெற்றவர். எழுதி வைத்த உத்தரவுக்கு மட்டும் தலை வணங்குவார். மொட்டைமாடி அவர் எதிரிலேயே வண்டியை டூவீலர் ஷெட்டுக்குள் திருப்பினார். சுபேதார் விசிலடித்துக்கொண்டே ஓடிவந்தார்.

மொட்டைமாடி மேலே தொங்கிய போர்டைக் காட்டினார். இரு சக்கர வாகனங்கள் மட்டும் என்று எழுதச் சொல்லியிருந்ததை, தகரம் போதாமல் பெயிண்டர் சுருக்கியிருந்தார்.

"படிங்க சார்."

"இருவர் வாகனம் மட்டும்."

"இதுல எத்தினி பேரு குந்தலாம்?"

"ரெண்டு பேர். ஆனா சக்கரம் நாலு இருக்கேய்யா!"

"போர்டுல சக்கரம்னு எங்க கீது?"

சுபேதார் போர்டை இன்னொரு முறை படித்தார். அவர் முகத்தில் ஒரு போரே நடந்தது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"டூவீலர் ஷெட்டுன்னா ஹெல்மெட் கட்டாயம். ஹெல்மெட் இல்லாம உள்ள விடமாட்டேன்."

மறுநாள் ஸ்போர்ட்ஸ் காரில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவர் மொட்டைமாடி. இன்னொருவன் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஷெட்டில் பைக் நிறுத்துகிறவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. தங்கள் வண்டிகளை நெருக்கி நிறுத்தி அதற்கு இடம் விட்டார்கள். ஷிப்டு முடிந்ததும் சுற்றி நின்று, தொடாமல் பார்த்துவிட்டுப் போவார்கள்.

எச்.ஆர். மேனேஜருக்குத்தான் பொறுக்கவில்லை. மேலிடத்திலிருந்து வந்த டைரக்டர் ஒருவர் ஷெட்டைப் பார்த்து, யாருடைய வண்டி என்று ஆசையாக விசாரித்துவிட்டார். வெல்டிங் ஆபரேட்டருடையது என்று சொல்லும்படி ஆனதில் மேனேஜருக்கு மானம் போய்விட்டது. டூவீலர் ஷெட்டில் நான்கு சக்கர வாகனத்தை நிறுத்தியது ஒழுங்கீனம் என்று மெமோ வந்தது. நான்தான் அடித்தேன். அதைக் கையில் கொடுத்ததும் மொட்டைமாடி என் எதிரிலேயே உட்கார்ந்து, "பதிலயும் நீயே அடி," என்றார்.

"இந்த வண்டில பின்னால கீற ரெண்டு சக்கரம்தான் ஓட்டுது. முன்னால ரெண்டும் சும்மா வழி காட்டுது. வேல செய்யிற சக்கரம் ரெண்டே ரெண்டு. ஆகவே இது டூவீலர். இப்படிக்கு, வேல செய்யிறவன்."

வார்த்தை மாறாமல் அடித்தேன்.

அதற்குப் பிறகு வந்த நோட்டீஸில் விளையாட்டு இல்லை. இனி இந்தக் காரைக் கம்பெனிக்குள் கொண்டுவர மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சஸ்பென்ஷன், விசாரணை. விசாரணைக்கு உள்ளே போனவர்கள் கேட்டுக்கு வெளியேதான் வந்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். காரை விட வேண்டும், அல்லது பெர்மனென்ட் வேலையை விட வேண்டும். எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று நான்கூடக் கெஞ்சினேன்.

"நான் செஞ்ச வண்டிய நான் ஓட்டக் கூடாதுன்னு என் கையாலயே எழுதித் தரணுமா?"

மேனேஜர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். பேச வேண்டும் என்று கோமளா அக்காவுக்கு ஆள் அனுப்பினார்.

முதல் ஷிப்டு முடிந்த மத்தியானம், அக்கா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். அந்தக் காரில் அதுவரை ஒரு தடவைகூட ஏறியதில்லை. மாடி கட்டாத கோபம். மொட்டைமாடியும் கூட உட்கார்ந்திருக்க, பேசியதைக் குறிப்பெடுக்க நானும் இருந்தேன்.

"உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். வண்டிய வித்துட்டு மாடியக் கட்டுங்க. வேலை போச்சுன்னா கஷ்டம்," என்றார் மேனேஜர்.

"நானும் அதான் சார் சொல்றேன். இந்தாளு காதுல ஏறினாதானே!"

மொட்டைமாடி தலையைக் குனிந்துகொண்டார். நோட்டீஸுக்குப் பயப்படாத மனிதர் அப்போது பயந்தார், நான் பார்த்தேன். மேனேஜர் அதோடு நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்பார். ஜெயிக்கப்போகிற குஷியில் இன்னும் ஒரு வரி சேர்த்தார்.

"ஒரு ஆபரேட்டருக்கு எதுக்கும்மா ஸ்போர்ட்ஸ் காரு? எல்லாம் அவங்கவங்க தகுதிக்கு இருக்கணும், இல்லையா?"

அக்கா நிமிர்ந்தார்.

"இன்னா சொன்ன?"

சார் போய் நீ வந்துவிட்டது. மேனேஜர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"இந்தாள நான் திட்டுவேன். கட்டிக்கினவ, எனக்கு ரைட்டு கீது. நீ யாரு தகுதி பாக்க? அந்த ஜன்னல்ல எட்டிப் பாரு. காருங்க நிக்குதே, கேட்லருந்து மூணாவது வரிசை, அது எங்க மாமனாரு கல்லக்கா போட்ட நெலம். கண்ணாலம் ஆன புதுசுல நான் அங்க களை புடுங்கிக்கிறேன். அந்த நெலம் போயித்தான் இந்த வண்டி வந்துது. வண்டி அந்த நெலத்துல நிக்கக் கூடாதுன்னா, நெலத்த எதுக்கு எடுத்தீங்க?"

அக்கா கணவர் பக்கம் திரும்பினார்.

"யோவ், எழுந்திரு. ஒண்ணும் எழுதிக் குடுக்காத. வேல போனா போவுது. நான் இட்லி கட போட்டாவது காப்பாத்தறேன்."

நேராக டூவீலர் ஷெட்டுக்குப் போனார். என்னிடம், "அந்தத் தொப்பிய குடு," என்று ஹெல்மெட்டை வாங்கி, கொண்டை இடிக்க இடிக்க மாட்டிக்கொண்டு, புடவையைச் செருகிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். சுபேதார் கேட்டைத் திறந்துவிட்டு சல்யூட் அடித்தார். போர்டில் அதற்கு உத்தரவு எதுவும் இல்லை.

சஸ்பென்ஷன் ஆர்டரை நான் டைப் அடித்து வைத்தேன். கையெழுத்து விழவே இல்லை. என் குறிப்பு மேலிடம் வரை போயிருக்கிறது. அந்தப் பக்கக் கம்பெனிகளுக்கு நிலத்துப் பேச்சு என்றாலே காய்ச்சல் வந்துவிடும். ஒருநாள் காலையில் அதே பெயிண்டர் வந்தார், இந்தத் தடவை பெரிய தகரத்தோடு. ஷெட்டில் இரு சக்கர வாகனங்கள் மட்டும் என்று திருத்தினார். தோற்றுவிட்டோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிறகு அவர் கார் நிறுத்துமிடத்துக்குப் போய், அலுவலர்கள் மட்டும் என்பதை அழித்துவிட்டு, கார்கள் என்று எழுதினார். அவ்வளவுதான் எழுதினார்.

அன்று மொட்டைமாடிக்குச் சுற்றுச்சுவரை ஒட்டிக் கடைசி வரிசையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். யாராக இருந்தாலும் கும்பிடு போட்டு நிறுத்தியிருப்பார்கள். அவர் வண்டியை விட்டு இறங்கி, தரையை முன்னும் பின்னும் நடந்து பார்த்தார்.

"சுபேதார் சார், இது எதிர்வூட்டு ஏகாம்பரம் நெலம். நாளைக்கு அவன் வந்து கேட்டா நீங்களா பதில் சொல்வீங்க?"

மூன்றாவது வரிசைக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே நின்றிருந்தது எச்.ஆர். மேனேஜரின் கார். அதற்குப் பின்னால் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், ஹெல்மெட்டையும் கழற்றாமல் காத்திருந்தார். மேனேஜர் படியிறங்கி வந்தார். மொட்டைமாடியைப் பார்த்தார், மேலே ஜன்னல்களில் அடைந்து கிடந்த எங்கள் தலைகளைப் பார்த்தார். பையிலிருந்து சாவியை எடுத்துத் தன் காரைத் தானே நகர்த்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு நஷ்டம். இரண்டே சீட்டு வண்டியில் அக்கா ஏறியதும் நான் இறங்க வேண்டியதாயிற்று. பிறகு அந்த வேலையையும் விட்டுச் சென்னைக்கு வந்துவிட்டேன். போன மாதம் வல்லக்கோட்டை கோயில் வாசலில் அவர்கள் இருவரையும் பார்த்தேன். வண்டி அப்படியே இருந்தது, அவர் தலையும் அப்படியே. வீட்டுக்கு மாடி இன்னும் எழும்பவில்லை.

"வேகத்தடைக்கு அக்கா இறங்குறாங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"நான் எதுக்கு எறங்கணும்? வோணும்னா வேகத்தட எறங்கட்டும்," என்றார் அக்கா.

"அப்போ அடியில தட்டுமே?"

சேறும் துருவும் போகத் தன் கையால் துடைத்த வண்டியின் வயிற்றில் ஒரு கீறல் விழாமல் என்னை ஊரெல்லாம் நடக்க விட்ட மனிதர், அக்காவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தட்டட்டும் தம்பி."

இப்போதெல்லாம் நான் வாடகைக் காரில், கூரைக்கு அடியில், ஏ.சி.யில் போய்வருகிறேன். மழை நனைப்பதில்லை, யாரும் மெமோ கொடுப்பதில்லை. ஆனாலும் எங்கேயாவது ஒரு வேகத்தடை வந்தால் என் கை தானாகக் கதவைத் திறக்கப் போகிறது.